துணிக்குள் என்ன நாற்காலி

சுபாஸ்ரீக்குப் பொய் வராது. கணவன் தினேஷின் பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கி ஒளித்து வைத்தால், அன்று சாயங்காலமே உளறிவிடுவாள். அப்படிப்பட்டவள் தனக்கு ஹைதராபாத்தில் நடந்ததாகச் சொன்னது இது. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

2009, மே மாதம். ஏ.எஸ்.ராவ் நகரில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. தினேஷ் காலையில் ஐ.டி. கம்பெனிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் தலையைக் காட்டுவான். ஈரோட்டுக்காரியான சுபாஸ்ரீ, போட்டோவைப் பார்த்து ஆயில் பெயின்டிங் வரைந்து கொடுப்பாள். மகள் ஹாசினிக்கு ஐந்து வயது. ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் இருக்கமாட்டாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும்.

செகந்திராபாத்திலிருந்து பத்மநாபன் என்பவர் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவோடு வந்தார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போட்டோவில் இருந்தது அவருடைய அக்கா சகுந்தலா. இவர் பிறப்பதற்கு முன்பே, ஐந்து வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர்கள் வீட்டில் ஒரு நல்லது நடக்க வேண்டுமென்றால், முதலில் இந்தக் கன்னிக்குப் பாவாடை சட்டை வைத்துப் படைக்க வேண்டும். இப்போது பத்மநாபனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"படைக்கிறப்ப வைக்க, அக்கா படம் கலர்ல அம்சமா வேணும்மா. அக்காவுக்கு அடியில மூடியிருக்கிற இந்த வெள்ளைத் துணி மட்டும் நக்கோ, வேணாம். கல்யாண வீட்ல நல்லாயிருக்காது."

"துணிக்குள்ள என்ன நாற்காலி சார்?"

"நீயே நல்லதா ஒண்ணு போட்டுடும்மா."

"அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"காய்ச்சல்," என்றார். வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்.

அங்கேதான் சுபாஸ்ரீ மாட்டிக்கொண்டாள். போட்டோவில் குழந்தை உட்கார்ந்திருந்த ஆசனம் முழுவதையும் வெள்ளைத் துணி மூடித் தரைவரை தொங்கியது. தேக்கு நாற்காலியாக இருந்தால் முதுகுப் பக்கம் நேர்கோடாக இருக்க வேண்டும். இங்கே குழந்தையின் தலைக்கு மேல் உருண்டையாக இருந்தது. கை வைத்த நாற்காலி என்றால் இரு பக்கமும் மட்டமாக இருக்க வேண்டும். இங்கே பின்னாலிருந்து இரண்டு தடித்த மடிப்புகள் வந்து, குழந்தையின் இடுப்புக்கு முன்னால் சேர்ந்தன. அவள் முழங்கைகள் அவற்றின் மேல் ஏறி நின்றன. நாற்காலி எதுவென்று தெரியாமல் அந்தக் கைகளை எங்கே வைப்பது? இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள்.

கடைசியில் வீட்டிலிருந்த நாற்காலிகளை எல்லாம் கூடத்துக்கு இழுத்து, வெள்ளைப் போர்வையைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். இரும்பு நாற்காலி, தினேஷின் கம்ப்யூட்டர் நாற்காலி, பிரம்பு நாற்காலி. எதிலும் அந்த மடிப்பு விழவில்லை. ஆள் உட்கார்ந்தால் விழலாம் என்று தோன்றியது. பிரம்பு நாற்காலியில் போர்வையைப் போட்டு, அதன்மேல் ஹாசினியை உட்கார வைத்தாள். பட்டப்பகல். ஜன்னல் முழுக்க வெயில்.

"ஆடாம இரு கண்ணு. ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்."

அதிசயமாக, ஹாசினி ஆடவே இல்லை.

சுபாஸ்ரீ பென்சிலைச் சீவிவிட்டு நிமிர்ந்தாள். மடிப்பு விழுந்திருந்தது. தலைக்கு மேல் உருண்டை. இடுப்பைச் சுற்றி இரண்டு தடித்த மடிப்புகள். போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல். உண்மையைச் சொன்னால், அப்போது அவளுக்குப் பயமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. விறுவிறுவென்று வரைய ஆரம்பித்தாள்.

கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. பென்சில் உரசும் சத்தம் மட்டும்தான்.

"அப்படியே இரு. அம்மா தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

சமையலறை என்றாலே பின்னால் ஓடிவருகிற பிள்ளை. கூப்பிடக்கூட இல்லை. வாசற்படியில் சுபாஸ்ரீ திரும்பிப் பார்த்தாள்.

பிரம்பு நாற்காலியின் முதுகு ஹாசினியின் கழுத்துவரைதான் வரும். அப்படியென்றால் தலைக்கு மேலே...

காற்று இல்லை. துணி மட்டும் ஏறியது... இறங்கியது... ஏறியது.

"ஹாசினி. எறங்கு."

"ராலேனு அம்மா." வர முடியவில்லையாம்.

"ஏன்?"

"பட்டுகுந்தி... வதலட்லேது."

பிடித்துக்கொண்டிருக்கிறது. விடவில்லை.

ஓடிப்போய் மகளின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். வரவில்லை. நாற்காலியும் சேர்ந்து வந்தது. கர்ர்ர்... என்று தரையில் இழுபட்டது.

மறுபடி இழுத்தாள்.

துணிக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"என் புள்ளய விடு..."

ஒரே இழுப்பு. ஹாசினி வந்துவிட்டாள்.

துணி சரியவில்லை. அப்படியே நின்றது.

செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி, கீழ்வீட்டு நஸ்ரின் அக்காவிடம் போய் விழுந்தாள். ஹாசினியின் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது. இருட்டிய பிறகு தினேஷ் மேலே போய்ப் பார்த்தான். வெறும் நாற்காலியும் கீழே விழுந்த போர்வையும்தான் இருந்தன.

வரைய முடியாது என்று சுபாஸ்ரீ போனில் சொல்லிவிட, மறுநாள் போட்டோவை வாங்கிக்கொள்ளப் பத்மநாபன் வந்தார். ஏன் வரையவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஹாசினியின் இடுப்பைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"காய்ச்சல் இல்லம்மா. கல்யாண நேரத்துல எதுக்குன்னு சொல்லாம விட்டேன். போட்டோக்காரர் வீட்டுக்கே வந்து எடுத்தாராம். எடுத்து முடிச்சதும் எந்திரிச்சு வாடின்னா, யாரோ புடிச்சிருக்காங்கன்னு அக்கா அழுதிருக்கா. அடம் பண்றா, அழுது ஓயட்டும்னு அங்கயே விட்டுட்டு எங்கம்மா உள்ள போயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல அழுகை நின்னுச்சு. சமாதானம் ஆயிட்டான்னு நெனைச்சாங்களாம்."

சுபாஸ்ரீ மகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

"துணிக்குள்ள என்ன இருந்தது சார்?"

"முக்காலிம்மா. வெறும் முக்காலி. சாய்மானமே கெடையாது." அவர் போட்டோவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். "உசிரு போயும் அக்கா நிமிர்ந்துதான் உக்காந்திருந்தாளாம். எங்கம்மா வந்து துணியத் தொட்டப்புறம்தான் விழுந்தா."