மாமா அடுக்கிவைத்த லாரி விளையாட்டு

என் அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும். இன்னொன்று கேட்டால் தலையாட்டுவார். அதற்கும் மேல் கேட்டால் எழுந்து போய் ஏதாவது ஒரு டிராயரை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிடுவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பஸ் பணிமனை ஒன்றில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே ஒவ்வொரு ரேக்கிலும் அட்டை தொங்கும், அட்டையில் அவருடைய குண்டு எழுத்து இருக்கும். பழைய மாடல் ஃபில்டரும் புது மாடல் ஃபில்டரும் ஒரே தட்டில் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மெக்கானிக்குகள் வேண்டுமென்றே ஒரு நட்டை இடம் மாற்றி வைத்துவிட்டு, அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். "என்னை மட்டும்தான் இன்னும் அட்டை கட்டித் தொங்கவிடல" என்பாள் அக்கா.

அவர்களுக்கு ஒரே மகள். படிக்க வெளிநாடு போனவள், அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டாள். அவள் போன் செய்தால் மாமா பேசுவது இவ்வளவுதான்: "நல்லாருக்கியாம்மா? சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்." பாசம் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மகளை வழியனுப்பிவிட்டு வந்த அன்று, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அவளுடைய அறையில் உட்கார்ந்து, அவள் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் எழுந்து வந்துவிட்டேன். போனைக் காதில் வைத்தால் மட்டும் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற கேம் ஒன்று. மகள் வீட்டில் இருந்தபோது போட்டுக் கொடுத்தது. அதில் வெளியிலிருந்து ஒட்டுப்போடுகிற சமாச்சாரங்களை மோட் என்கிறார்கள். அவளும் விதவிதமாக ஒட்டுப்போட்டிருந்தாள். அப்பாவின் பணிமனை பஸ்ஸின் நிறத்தில் ஒரு லாரி, கடைசி வரை போனாலும் முடியாத மலைப்பாதை, கண்ணாடியில் வழிகிற மழை, வைப்பர் சத்தம். அவள் அங்கிருந்து முன்னால் ஒரு லாரியை ஓட்டுவாள். இவர் இங்கிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னால் ஓட்டுவார். அப்போது பேசுவார் பாருங்கள்! முழங்கால் வலி, புது மேனேஜரின் அலட்டல், ரிட்டையர் ஆன பிறகு என்ன செய்வது என்ற பயம், அக்காவிடம்கூடச் சொல்லாத எல்லாம் வெளியே வரும். அவளும் தன் பங்குக்கு அறைத்தோழியோடு போட்ட சண்டை வரைக்கும் சொல்வாள். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம். சில மனிதர்களுக்கு அப்படித்தான் வாய் திறக்கும்.

போன மாதம் அந்தக் கம்ப்யூட்டர் முக்க ஆரம்பித்தது. ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் மெஷினும் கம்ப்யூட்டரும் ஒரே வம்சம் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை, ஆகவே கூப்பிட்டார்கள். பார்த்தேன்.

"ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் புதுசா போட்டாத்தான் சரியாகும் மாமா."

"கேம் போயிடுமா?" முகம் வெளுத்துவிட்டது அவருக்கு.

"கேமோட இன்ஸ்டாலர், மோட் இருக்கற ஃபோல்டர், நீங்க விளையாடின கணக்கு, எல்லாத்தையும் தனியா வெளிய மாட்டற ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணிக்கங்க. அப்படியே காப்பி பண்ணுங்க. அப்படியே!"

அழுத்தித்தான் சொன்னேன். ஆனால் மனுஷன் யார்? ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே மகள் வைத்த பெயர்கள்: 'ஏஏஏ ரோடு', 'ஏஏ ரோடு பழசு', 'இசட்இசட் மழை'. இப்படி ஒரு ரேக் தன் ஸ்டோரில் இருந்தால் சும்மா விடுவாரா? உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பெயர் மாற்றினார். 'மலைப்பாதை', 'மழை', 'லாரி நிறம்'. ரோடு, லாரி, வானிலை என்று தனித்தனி ஃபோல்டரில் பிரித்துப் போட்டார். 'பழசு' என்று இருந்ததை அழித்தார். புது பார்ட் வந்தால் பழசைக் கழித்துவிடுவதுதானே ஸ்டோர் வழக்கம்? அதையெல்லாம் முடித்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு, "ரெடி மச்சான்" என்று எனக்குப் போன் செய்தார். நானும் அவரை நம்பி ஃபார்மேட் அடித்தேன்.

விண்டோஸ் ஏறியது. கேமும் ஏறியது. அவர் காப்பி பண்ணியதை அதனதன் இடத்தில் போட்டு லாரியைக் கிளப்பினோம். மலைப்பாதையில் பாதி தூரத்தில் ரோடே இல்லை. லாரி அந்தரத்தில் விழுந்துகொண்டே இருந்தது, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம்தான் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து அவருடைய கைவரிசையைப் பார்த்தேன். அந்தக் கேம் மோட்களைப் பெயர் வரிசைப்படிதான் எடுக்கும். எது முதலில், எது கடைசியில் என்பதற்காகத்தான் அவள் அப்படி ஏஏஏவும் இசட்டும் போட்டிருக்கிறாள். புது ரோடு பழைய ரோட்டின் மேல்தான் உட்காரும், பழசு இல்லாவிட்டால் அதற்குத் தரையே கிடையாது. போதாக்குறைக்கு, இரண்டு கம்ப்யூட்டரிலும் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்ட முடியும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"அவகிட்ட கேளுங்க, அவகிட்ட எல்லாம் இருக்கும்" என்றேன்.

"வேண்டாம்."

"ஏன்?"

மேஜை டிராயரை இழுத்து, உள்ளே கிடந்த பேனாக்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "அவளுக்கு ஆயிரம் வேலை. இதச் சொன்னா, விடுங்கப்பா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு சொல்லிடுவா. அப்புறம் அவ்வளவுதான் மச்சான்."

அவருக்கு வேண்டியது லாரி இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபமாகச் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மகளுக்குச் சொல்லும்படி அக்காவிடம் கெஞ்சினார். அக்கா சொன்னாள். மகள் விடுவாளா? என்ன காய்ச்சல், ரத்தம் எடுத்தீர்களா, டாக்டர் என்ன சொன்னார் என்று வாரம் முழுக்க மெசேஜ் மேல் மெசேஜ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அக்காவும் பாவம் எத்தனை நாள்தான் பாடுபடுவாள்? மாமாவோ திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, வாயே திறக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் வந்தது. மகள் லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள் என்று அக்கா சொன்னதும் எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. நானே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மாமா கையில் போனைத் திணித்தேன்.

"அப்பா! இப்ப எப்படி இருக்கு காய்ச்சல்?"

"காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். "நான் உன் ஃபைலெல்லாம் கெடுத்துட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார், போலீஸில் வாக்குமூலம் கொடுப்பவர் மாதிரி.

"பேரையெல்லாம் மாத்தினீங்களா? எல்லாத்தையுமா?"

"பாக்க அழகா இருக்கட்டுமேன்னு…"

அவள் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. மாமா சிரிக்கவில்லை. "விடும்மா" என்றார், அவள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது மேல் என்று நினைத்தவரைப் போல. "உனக்கு எதுக்கு இந்தச் சிரமம்."

"எதப்பா விடறது? என்கிட்ட எல்லாம் அப்படியே இருக்கு. இருங்க, பழைய லேப்டாப்ப எடுத்து அனுப்பறேன்."

அக்கா அவர் தோளுக்கு மேலாக எட்டி, "ஏன்டி, புதுசு வாங்கி எவ்வளவு நாளாச்சு? அந்த ஓட்டைய இன்னுமா கட்டிக்கிட்டு அழற?" என்றாள்.

"ஆமாம்மா. பேட்டரி செத்துப்போச்சு, பாதி எழுத்து வேலை செய்யாது. ஃபார்மேட் அடிக்கவும் பயம், தூக்கிப் போடவும் பயம். அதுல இந்த கேமத் தவிர வேற ஒண்ணுமே இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளிய எடுப்பேன். அதுவும் போச்சுன்னா, அப்பா என்கிட்ட பேச மாட்டாரோன்னு இருக்கும்மா."

மாமா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கக்கூட இல்லை.

"போனா போகட்டும்மா" என்றார். "நான் பேசுவேன்."

"பேசுவீங்களா?"

"பேசுவேன்."

"அப்ப பேசுங்கப்பா. ஃபைல் ஏறட்டும்."

மாமா எங்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். ஓட்டுவதற்கு லாரியும் இல்லை, பார்ப்பதற்கு ரோடும் இல்லை. "நேத்து கிளட்ச் பிளேட் வந்து எறங்குச்சும்மா" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பிரிச்சுப் பாத்தா பாதி வேற வண்டியோடது. எனக்கு வந்துச்சு பாரு கோபம்…"

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெளியே வந்தோம்.