பிரபுவின் புல்வெளியில் ஒரு மஞ்சள் திட்டு

ஜேபஸ் டரன்ட் ஆறு வருடங்களாகத் தன் வீட்டின் மேலேயே புல் அறுத்தான். லேசில் வாய் திறக்கமாட்டான், திறந்தால் சண்டைதான். அவனுக்கு அடுத்து நின்று அரிவாள் வீசியவன் நான். என் வீடும் அந்தப் புல்லுக்கு அடியில்தான் கிடந்தது.

பழைய பிரபுவுக்குப் பிரெஞ்சு மோகம். நூல் பிடித்தாற்போல் பாத்திகள், மயில் வடிவில் கத்தரித்த மரங்கள். மகன் இத்தாலிக்குப் போய் ஓவியங்களோடு திரும்பினார். நிலமும் ஓவியம்போல் இருக்க வேண்டுமாம். பாத்திகள் போயின, மயில்கள் போயின, சன்னலில் இருந்து பார்த்தால் கண்ணை உறுத்துகிறது என்று எங்கள் ஊரும் போனது. நன்றாக நின்ற தேவாலயத்தை இடித்த மனிதர், ஏரிக்கரையில், ஓவியத்தில் இருப்பதுபோல, இடிந்த கோயில் ஒன்றைப் புதிதாகக் கட்டினார். பெரிய இடத்து ரசனை, நாம் என்ன சொல்ல? எங்களைக் குன்றுக்கு அந்தப் பக்கம் வரிசை வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள்.

கல்லறைக் கற்களையும் அள்ளி ஏரிக்கரைக்குப் போட்டுவிட்டார்கள். அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் ஜேபஸின் மகள் புரூ நாலு வயதில் இறந்திருந்தாள். அவள் எங்கே கிடக்கிறாள் என்று யாருக்கும் தெரியாமல் போனது. பிள்ளையை மிதித்துவிடுவோமோ என்று பயந்து அவன் மனைவி கெசையா புல்வெளிப் பக்கமே வரவில்லை.

ஏழாவது கோடையில் மழை பொய்த்தது. கல் புதைந்த இடங்களில் புல் முதலில் கருகும். அப்படித்தான் சுவர்கள் மஞ்சள் கோடுகளாக மேலே வந்தன. ஒரு காலையில் ஆறு பேரும் வரிசையாக அறுத்துக்கொண்டு போனோம். தேவாலயச் சுவரின் மஞ்சள் கோட்டை ஒருவனும் தாண்டவில்லை. சுற்றிப் போய், வாசல் இருந்த இடைவெளி வழியாக, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தோம்.

வடக்குப் பக்கம் இன்னும் மோசம். ஆழத் தோண்டிய மண்ணில் ஈரம் தங்கும். செத்த புல்லுக்கு நடுவே, ஆள் நீளத்துக்குப் பச்சைப் பச்சையாக, எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருந்தார்கள்.

காரியஸ்தர் பார்ஜெட்டர் குதிரையில் வந்தார். "என்னய்யா கண்றாவி இது? ஞாயித்துக்கெழம விருந்தாளிங்க வராங்க. பச்சைய ஒட்ட அறுங்க. நாளைக்கு ஏரித் தண்ணிய மொண்டு எல்லாத்துக்கும் ஊத்தணும். ஒரு கோடு தெரியக் கூடாது!"

அவர் போனதும் ஜேபஸ் என் கையைப் பிடித்தான். "தண்ணி ஊத்துனா எல்லாம் ஒண்ணாயிரும்டா. இன்னைக்கு விட்டா எம்புள்ளயக் கண்டுபிடிக்கவே முடியாது."

சின்னப் பச்சைகள் ஏழு இருந்தன. "அவளப் பொதைச்ச அன்னைக்கு மண்ணு ஒறைஞ்சு கெடந்துச்சு. வேரு குறுக்க வந்துச்சுன்னு குழிய கோணலா வெட்டிட்டான் பாவி. நாங்கூட அவன் சட்டையப் புடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றே ஒன்று கோணலாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் மண்டியிட்டு அவ்வளவு பெரிய ஆள் ஓவென்று அழுதான்.

பார்ஜெட்டர் சாப்பிடப் போன நேரத்தில், மஞ்சள் கோட்டைப் பார்த்துத் தோண்டி, அவன் வீட்டு வாசற்படிக் கல்லை எடுத்தோம். மூன்றடி நீளம். கோணல் பச்சையின் மேல்புல்லைப் பாய்போலச் சுருட்டி, கல்லைக் கிடத்தி, திரும்ப மூடினோம். இனி எவ்வளவு ஊற்றினாலும் கோடைக்குக் கோடை அங்கே மஞ்சள் தட்டும்.

தட்டியது. பார்ஜெட்டர் பீப்பாய் பீப்பாயாக ஊற்றவைத்து எங்களைத் திட்டித் தீர்த்தார். அவர் ஞாயிறு ஆராதனைக்குப் போகும் நேரம் பார்த்து கெசையா வந்து திட்டின் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள்.

ஆனால் கல் மூன்றடிதான். மஞ்சள் வருடா வருடம் நீள்கிறது. நான் நம்பாமல் அரிவாள் கைப்பிடியை வைத்து அளந்தேன். அளந்த பிறகு அந்தப் பக்கம் தனியாகப் போவதை விட்டுவிட்டேன்.

இது நாலாவது கோடை. போன ஞாயிறு கெசையா அதன் பக்கத்தில் நீட்டிப் படுத்துப் பார்த்தாள். எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஜேபஸிடம் சொன்னாள்.

"ஏங்க, நம்ம புள்ள என் தோளுக்கு வந்துட்டா. பதினாலு முடிஞ்சிருச்சுல்ல."