ஒட்டாத முனை

ஜெகதாப்பட்டினத்தில் பிளெஸ்ஸி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'பெயின்ட் டாக்டர்' வீடு என்றால் ஐஸ் கம்பெனி ஆட்கள்கூடக் கைகாட்டுவார்கள். தினமும் பஸ் ஏறி புதுக்கோட்டைக்குப் போய் வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறவள். அவள் செய்வது பெயின்ட் இல்லை, பாலிமர் பூச்சு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

விசைப்படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டினால் டீசலைக் குடித்துத் தீர்த்துவிடும். ஒட்டாமலிருக்கப் பூச்சு வேண்டும். குறைத்துப் பூசினால் பயனில்லை, கூட்டிப் பூசினால் உரிந்துவிடும். எந்த அளவு சரி என்று நூறு பலகை செய்து பார்க்க அவளுக்குப் பொறுமை கிடையாது. ஒரே ஃபைபர் பலகையைத் தொட்டியில் நிறுத்திக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டாள். மேல்முனை லேசாக நனைந்தது. கீழ்முனை கடைசிவரை ஊறியது. ஒரு முனையில் எல்லாம் ஒட்டும், மறுமுனையில் எதுவுமே ஒட்டாது. நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். எங்கே மாறுகிறதென்று கண்ணுக்குத் தெரியாது, நனைந்தால்தான் வழுக்கும், காய்ந்திருந்தால் கைக்கும் தெரியாது. துறைமுகத் தண்ணீரில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கலாமென்று வீட்டுக்குக் கொண்டுவந்து பின்சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

அன்று காலேஜிலிருந்து திரும்பியபோது பலகையைக் காணவில்லை.

"அம்மா, எம் பலகை எங்கம்மா?"

சந்தனமேரி மீன் அலசிக்கொண்டே சொன்னாள். "அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டான்டி. வலை இழுக்கயில நிக்கிற பலகை ஒடஞ்சிருச்சாம். இது அளவெடுத்தாப்ல இருக்குன்னான்."

அண்ணன் சூசைராஜ் வெறுங்காலோடு, ஈரப் பலகையில், கடலைப் பார்த்துக் குனிந்து நிற்பான். முதல் அடி பிடிக்கும். பிடித்ததை நம்பித்தான் அடுத்த அடி வைப்பான், பாவி.

அண்ணன் படகின் சொந்தக்காரர் ரத்தினவேல் வீட்டுக்கு ஓடினாள். அவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"எட்டலம்மா. தூரமாப் போயிட்டாங்க."

"வேற போட்டு மூலமாச் சொல்லுங்கண்ணே. அந்தப் பலகைய கழட்டச் சொல்லுங்க."

"சொல்லிப் பாக்குறேன். ஒரு பலகைக்கா இம்புட்டுப் பதறுறே?"

அவருக்குத் தெரிந்த பயம் ஒன்றுதான்: இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்பது. பிளெஸ்ஸிக்கோ அன்று அந்தப் பயமே இல்லை. பிடித்துக்கொண்டு போனால்கூட நல்லதுதான், உயிரோடாவது இருப்பான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக நடுரோட்டிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மற்றப் படகுகள் எல்லாம் வந்து மீனும் இறக்கியாயிற்று. அண்ணன் படகு உச்சி வெயிலில்தான் வந்தது. மேலே நின்றவர்களில் அவன் இல்லை. யாரிடமும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

படகு கரை அணைந்த பிறகுதான் உள்ளேயிருந்து துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்தான் சூசைராஜ். முழங்கை உரிந்திருந்தது.

"வழுக்கி வலையோட கடலுக்குள்ள போயிட்டேன் பாப்பா. கூட வந்த அருள்தாஸ் குதிச்சுத் தூக்குனான்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இளித்தான். "ஒன் பூச்சு பாஸாயிருச்சு. பாசி என்ன, நானே ஒட்டல."

படகிலிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பிளெஸ்ஸி அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி, எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

வீடு வந்து சேரும்வரை அவள் விடவில்லை.