தண்ணீர் பட்டன்

மணவாளன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் என்னோடு ஒரே ஷிப்டு. பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. ஐம்பதை நெருங்கும் வயதில் புரோகிராமிங் கற்கப் போவதாக அவன் சொன்னபோது கம்பெனி பஸ்ஸே சிரித்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நானும் கிண்டலடித்தேன். காரணம் தெரிந்த பிறகு கிண்டலை விட்டுவிட்டேன்.

அவன் மனைவி சம்பூர்ணத்துக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல் போய்விட்டது. எழுதப் படிக்கவும் தெரியாது. அவள் போனில் படத்தைத் தொட்டால் போன் பேச வேண்டும், அதைத் தானே செய்துதர வேண்டும் என்பது அவன் பிடிவாதம்.

"அதெல்லாம் ரெடியாவே கெடைக்கும்டா" என்றேன்.

"அதுல யாரோ பேசுவாங்க மச்சான். பானு கொரல்ல பேசணும்."

பானு அவர்களுடைய ஒரே மகள்.

பஸ்ஸில் யூடியூப் பார்த்துக்கொண்டே கற்றான். ஒரு கமாவை விட்டுவிட்டு ஞாயிறு முழுக்கத் தேடினான். "நாம சொன்னத மட்டுந்தான் செய்யுது. ஒரே பேஜாரு" என்றான். ஒருவழியாகப் பட்டன்கள் வேலை செய்தன. தண்ணி, கஞ்சி, மாத்திரை, வலி, இன்னும் சில.

சம்பூர்ணம் தண்ணீர்ப் படத்தைத்தான் ஓயாமல் தொட்டாள். "தண்ணி" என்று பானுவின் குரல் கேட்டதும் இவன் ஓடுவான். அவள் குடிக்க மாட்டாள். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு இவன் முகத்தையே பார்ப்பாள். இவன் தொட்டால் எல்லாம் சரியாகவே வந்தது; அவள் தொடும்போது மட்டும் எந்தப் படத்துக்கும் தண்ணி என்று வருகிறதோ, புரோகிராமில்தான் தப்போ என்று இவனுக்குச் சந்தேகம். லீவு போட்டுவிட்டு வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்தான். உள்ளே அவள் தொட்டுக்கொண்டே இருந்தாள். இவன் தண்ணீரைக் கொடுத்த கையோடு வாசலுக்கு வந்து வரி வரியாகத் தப்பைத் தேடினான். அந்த மாதமே அவள் போய்விட்டாள்.

காரியத்துக்குப் போயிருந்தேன். அன்றும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்க தப்புன்னே தெரில" என்றான். பானு வந்து அதை மூடினாள்.

"தப்பே இல்ல நைனா. அம்மா உன்னத்தான் கூப்ட்டுக்கினு இருந்துருக்கு. கூப்புட்றதுக்கு நாம பட்டனே வெக்கலியே. தண்ணின்னா நீ வந்துடுவ, அதான். எனக்கே இப்பத்தான் புரியுது."

மணவாளன் அழவில்லை. மூடிய லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"பேரு சொல்லியா கூப்புடுவா அவ? 'இந்தாய்யா'ம்பா. அது ஒரு வார்த்தைன்னே எனக்குத் தோணல."