அண்ணாச்சி பேரில் ஒரு எழுத்து

வருமான வரிக்குக் கணக்கு எழுதுகிற வேலையில் கணக்கு வருவது கடைசியில்தான்; முதலில் வருவது பை. மஞ்சள் பை, காலண்டர் கம்பெனிப் பை, கல்யாணப் பத்திரிகை வந்த கவர் என்று எதிலாவது திணித்து, ஒரு வருஷத்துக் காகிதம் அத்தனையும் மேசையில் வந்து இறங்கும். ஜூலை பிறந்தால் பீரோவைக் குடைந்து, "அந்த ரசீதை இங்கேதானே வைத்தேன்" என்று வீட்டில் எல்லாரையும் சந்தேகப்படுகிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள்.

சிவகாசியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பல வருஷம் இந்த வேலை பார்த்தேன். சார் காலமான பிறகு ஆபீஸை மூடிவிட்டார்கள். இப்போது என் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதே வேலை. இந்த ஜூலையில் அழகர்சாமி அண்ணாச்சி தன் மகள் நந்தினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆனைக்குட்டத்தில் அட்டைப்பெட்டி செய்து பட்டாசுக் கம்பெனிகளுக்கு லோடு அனுப்புகிறவர் அவர். வருஷா வருஷம் ரிட்டர்ன் எழுத என்னிடம்தான் வருவார். இந்த முறை முகம் வாடியிருந்தது.

நந்தினிக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. படிப்புக் கடன் மாதக் கடைசிக்குள் வராவிட்டால் சீட் கையை விட்டுப் போய்விடும். அப்பாவின் பான் கார்டில் அழகரின் ழகரத்துக்கு இங்கிலீஷில் 'எல்' எழுத்து, ஆதாரில் 'இசட்-எச்'. இரண்டையும் இணைக்காமல் ஃபைல் நகராது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். போன வருஷமே நான் இணைக்கப் பார்த்தேன், பெயர் ஒத்துவரவில்லை. சீசன் முடியட்டும் தங்கச்சி என்று அண்ணாச்சி தள்ளிப்போட்டார். இந்தப் பான் கார்டை எந்தப் புண்ணியவான் எழுதினானோ என்று நானும் அவரோடு சேர்ந்து திட்டினேன். அவர் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்ததும் பழைய ஜூலைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

மிஷின் நிற்கிற நேரம்

எங்கள் ஆபீஸ் மாடியில் இருந்தது. கீழே லேபிள் அடிக்கிற அச்சகம். மிஷின் ஓடினால் தரை, மேசை, கையில் இருக்கும் பேனா எல்லாம் அதிரும். அன்றைக்குப் பேப்பர் படிவம்தான். கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்ப வேண்டும். அதனால் சார் ஒரு சட்டம் போட்டிருந்தார். மிஷின் ஓடும்போது ரசீதைப் பிரிக்கலாம், கூட்டிப் பார்க்கலாம், டீ குடிக்கலாம். படிவத்தில் பேனா வைக்கக் கூடாது. கலர் மாற்றுவதற்காகக் கீழே மிஷினை நிறுத்துவார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் பரீட்சை ஹால் மாதிரி எல்லாரும் குனிந்து எழுதுவோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூலையில் பான் விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தன. மிஷின் நின்றதும் ஆளைக் கூப்பிட்டு, பேரைச் சொல்லச் சொல்லி, கேட்ட வேகத்தில் எழுதித் தள்ளினேன். பக்கத்து மேசையில் சீனியர் சரோஜா அக்கா ஒரு பேருக்கு மூன்று தடவை கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் பத்து முடித்தபோது அவள் நாலில் நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"கட்டத்துக்கு ஒரு எளுத்துடி. இங்கன நீ ஒரு எளுத்து தப்புனா, அந்த ஆளு ஆயுசு பூராம் தப்பாவே இருப்பாரு."

எந்த வருஷம்?

அண்ணாச்சி முதன்முதலாக ரிட்டர்னுக்குக் கொண்டுவந்த காகிதங்களை நான் இரண்டு நாள் பிரித்தேன். ஒழுங்காக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, அருமையாக வைத்திருந்தார். ஆனால் தீபாவளிக்குப் பிறகு மார்ச் வரை ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கணக்கு வருஷம் தொடங்குவதற்கு முன்னால் வந்த சீட்டுகளோ அத்தனையும் இருந்தன. "போன வருஷத்துக் காகிதம் மட்டும் போதும் அண்ணாச்சி" என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவரும் போன வருஷத்தைத்தான் கொண்டுவந்திருந்தார்.

வருஷம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் என்று சுவர்க் காலண்டரைக் காட்டி விளக்கினேன். அந்தக் காலண்டரும் எங்கள் ஊரில் அடித்ததுதான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை.

"ஏப்ரல்ல வருசம் பொறந்தா அது அவுக பாடு தங்கச்சி. நமக்குத் தீவாளி முடிஞ்ச மறுநாள்தான வருசம் பொறக்குது?"

வெடிக்காத பெட்டி

அண்ணாச்சி எல்லாக் காகிதத்தையும் பட்டாசு கிஃப்ட் பாக்ஸில்தான் போட்டு வைப்பார். அவர் செய்கிற பெட்டி, கனமான அட்டை, மேலே மத்தாப்புப் படம். எலி கடிக்காது, தூசி போகாது என்பார். ஒரு ஜூலையில் அவர் வைத்துவிட்டுப் போன பெட்டியைத் திறந்தேன். மேலே கம்பி மத்தாப்பு, கீழே சங்கு சக்கரம், அதற்கும் கீழே சரவெடி. நான் போட்ட சத்தத்தில் சரோஜா அக்கா டீயைக் கொட்டிவிட்டாள். சார் எழுந்து வந்து பார்த்துவிட்டு, முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். மதுரையில் இருக்கும் மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்காக அண்ணாச்சி ஒரு பெட்டி பட்டாசு எடுத்து வைத்திருக்கிறார். அலமாரியில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். மதுரைக்குக் காரில் போன ஒருவரிடம் பட்டாசு என்று நினைத்துக் கணக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணாச்சியைத் திரும்ப வரவழைத்து, எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அவருடைய செல்போன் அடித்தது. மைத்துனரின் குரல் எங்களுக்கே கேட்டது.

"மச்சான், நீங்க குடுத்துவிட்டதுல ஒண்ணுகூட வெடிக்கலை. பூராம் இன்சூரன்ஸ் ரசீதா இருக்கு!"

சுப்பையா இருக்காரா?

நமக்கு இருப்பது ஒரே ஒரு இனிஷியல். பான் படிவம் அதை விட்டுவைக்காது, விரித்து எழுதச் சொல்லும். அப்படித்தான் எஸ். அழகர்சாமி, கார்டில் 'அழகர்சாமி சுப்பையா' ஆனார். அதற்குப் பிறகு வெளியூரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாரும் கடைசிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள்.

ஒருமுறை அவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தபோது ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "சுப்பையா சார் இருக்காங்களா?" என்றாள். தகப்பனார் பேரைக் கேட்டதும் அண்ணாச்சி தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அப்படியே நின்றுகொண்டு மரியாதையாகப் பதில் சொன்னார்.

"எங்கய்யா செத்துப் பன்னெண்டு வருசமாச்சும்மா. அவுகட்ட பேசணும்னா நீங்கதான் போகணும்."

பெட்டிக்கு அடியில்

இப்போது என் மேசை அதிர்வதே இல்லை. எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுதலாம், தப்பாக அடித்தால் அழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மாடி அறையும், மை வாசனையும், மிஷின் நின்றதும் எல்லாரும் ஒன்றாகக் குனிகிற அந்த நிமிஷமும் எனக்கு வேண்டியிருக்கின்றன. சில நாள் அழுகையே வருகிறது.

இந்த ஜூலையில் அண்ணாச்சியின் பெட்டியை அடிவரைக்கும் கவிழ்த்தேன். பான் கார்டு எடுக்கும்போது கொடுத்த காகிதம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தது. பதினாறு வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பத்தின் ஜெராக்ஸ். கீழே அண்ணாச்சியின் தமிழ்க் கையெழுத்து, ழகரத்தின் காலை நன்றாக இழுத்துப் போட்டிருந்தார். மேலே கட்டங்களில் 'எல்' போட்டு எழுதிய பெயர். அந்த எழுத்துகளின் சாய்வு எனக்குத் தெரிந்த சாய்வு. என் எழுத்து அது. "அளகர்சாமி" என்று அவர் சொன்னார்; அளகர்சாமி என்றே கேட்டேன்; அப்படியே எழுதினேன். அண்ணாச்சியோடு சேர்ந்து நான் திட்டிய புண்ணியவான் நான்தான்.

சர்வர் வேலை செய்யவில்லை, பான் ஆபீஸில் தப்பு என்று எதையாவது சொல்லியிருக்கலாம், அண்ணாச்சி நம்பியிருப்பார். மனசு கேட்கவில்லை. "இதை எழுதினது நான்தான் அண்ணாச்சி. என் தப்பு. உடனே பான் கார்டைத் திருத்திக் கொடுக்கிறேன்" என்றேன். நந்தினி ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து பிளஸ் டூ மார்க் ஷீட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அதே 'எல்'. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அண்ணாச்சி அத்தாட்சியாகக் கொண்டுபோனது அந்தப் பான் கார்டைத்தான்.

"அப்ப என் மார்க் ஷீட்ல இருக்கிறதும் நீங்க எளுதுனதுதானா அத்தே?"

எது சரியான பேரு?

பான் கார்டைத் திருத்தினால் ஆதாரோடு இணைந்துவிடும், ஆனால் நந்தினியின் சர்டிபிகேட் எல்லாம் வேறு அப்பாவைக் காட்டும், பேங்கில் ஃபைல் மறுபடி நிற்கும். அவற்றைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும். மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். பான் கார்டையே அத்தாட்சியாகக் கொடுத்து, சரியாக இருக்கிற ஆதாரைத் தப்பாக மாற்றுவது. இதை ஒரு மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னேன். அண்ணாச்சி சட்டைப் பையில் ஆதார் கார்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, "வாங்க போவோம்" என்று எழுந்தார்.

உங்களைக் காக்க வைக்காமல் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பத்தாவது நாள் ஆதாரில் பெயர் மாறியது, அன்றைக்கே பானோடு இணைந்தது, மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கடன் வந்தது. நந்தினி இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆனால் என் மனசில் நிற்பது ஆதார் மையத்தில் நடந்ததுதான். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் குழம்பிப் போய், "அய்யா, ஆதார்ல சரியாத்தான இருக்கு, எதுக்கு மாத்துறீக? உங்க பேரு எது சரி?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி என்னைக் கைகாட்டினார், முகத்தில் சிரிப்பு.

"எம் பொண்ணு மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அதாம்மா எம் பேரு. தமிள்ல எங்கய்யா வச்சாக, இங்கிலீசுல இந்தத் தங்கச்சி வச்சாக."

இத்தனை வருஷ சர்வீஸில் நான் செய்த தப்பு ஒன்று ஒரு மனுஷனுக்குப் பேராகவே நிலைத்துவிட்டது. நான் சரியாக எழுதியவை எல்லாம் யார் வீட்டு பீரோவில், எந்தப் பையில் கிடக்கின்றனவோ!