பாண்டியன் இளைக்க வைத்த இரும்பு

முதல் முறை போன் அடித்தபோது நான் எடுக்கவில்லை. நியூ டவுனில் மகன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். டாக்குரியாவில் இருக்கும் என் நண்பர் வீட்டு நம்பர். பாண்டியன்தான் சமாதானம் பேசக் கூப்பிடுகிறார், கொஞ்ச நேரம் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்களுக்குள் பேச்சு நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. மறுபடி அடித்தது. எடுத்து, "என்னவே?" என்று எரிந்து விழுந்தேன். பேசியது பாண்டியன் மனைவி, வடிவு மதினி. "அண்ணாச்சி, அவுக போயிட்டாக. பல் தேய்க்கப் போனவுக அப்படியே சரிஞ்சுட்டாக" என்றார். நான் அந்த "என்னவே"யை இன்றுவரை திரும்பப் பெற முடியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் பேசினீர்கள். சங்கரபாண்டியன் பொறுமைசாலி, நிதானமான மனிதர் என்றீர்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுமைசாலியாம்! பொறுமையாக இருந்தது நான். அவர் செய்ததெல்லாம் என் பொறுமையைச் சோதித்தது மட்டும்தான். அன்றைக்கு நான் எழுந்து பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தின் வரைபடப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் அவரும் நானும் எதிரெதிர் மேஜை. எந்தத் தகடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போடுவார், நான் வரைவேன். இரண்டு பேருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம், பிழைக்க வந்தது வங்காளத்துக்கு. தொண்ணூறுகளின் நடுவில், பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் கொட்டகையில் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நாங்கள் பங்கு போட்டு வாங்கி, டாக்குரியாவில் அவர் வீட்டில் நிறுத்தினோம். அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்தது, பச்சை நிறம், இரண்டே இருக்கை. வாழ்நாள் முழுக்க மணிக்குப் பன்னிரண்டு மைல் போகும் சாமான்களை வரைந்தவர்களுக்கு வேகமாகப் போகிற ஒன்று வேண்டியிருந்தது. ஜனவரியில் மைதானத்துப் பக்கம் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலத்தில் அதை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் இரண்டு தாங்கிகளும் துருப்பிடித்து உளுத்துப் போயிருந்தன. மவுண்ட் என்பார்களே, அது. சரி, புதிதாகச் செய்துவிடலாம், நமக்குத் தெரியாத இரும்பா என்று இறங்கினோம். கப்பலில் எந்தத் தகட்டுக்கும் கணக்கில் வருகிற தடிமனோடு, உப்புத் தண்ணீர் தின்னப்போகும் அளவையும் சேர்த்துப் போடுவது வழக்கம். பாண்டியன் கை வழக்கப்படி அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டார். அவர் சேர்த்திருக்க மாட்டார் என்று நினைத்து நானும் வரையும்போது இன்னொரு முறை சேர்த்தேன். டாக்குரியாவில் ஓடப்போகிற காருக்குக் கடல் துருவுக்காக இரண்டு தடவை இரும்பு! மாட்டி முடித்ததும் வண்டி மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. பழைய தாங்கிகள் இரண்டும் சேர்ந்து மூன்று கிலோ இருக்கும். எங்களுடையது பதினொன்று. அதைப் பார்த்து இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அந்த வண்டியால் நாங்கள் சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

"நாலு ஓட்டையைப் போட்டா எடை குறைஞ்சிரும்" என்றேன். மனிதர் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்க போடுவீரு?"

"எங்கயாவது போடும்வே. இரும்புதானே."

"ஆறுமுகம், எடுக்கிறது பெரிசில்ல. எதை எடுக்கக் கூடாதுன்னு முதல்ல தெரியணும்" என்றார்.

தொடங்கியது என்னைப் பிடித்த சனி. தாங்கியைப் போலவே ஒரு நகல் செய்வார். அதன் மேல் சுண்ணாம்பை மெல்லியதாகப் பூசிக் காயவிடுவார். பிறகு ஜாக்கி வைத்து அழுத்த வேண்டும். அழுத்துவது யார்? நான். எங்கே இரும்பு சிரமப்பட்டு இழுபடுகிறதோ அங்கே சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிராத இடத்தில் இரும்பு சும்மா நிற்கிறது, அங்கே எடுக்கலாம். நகல் வளைந்து வீணாகிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் மெல்லியதாக அடுத்த நகல். ஓரங்களிலும் போல்ட்டைச் சுற்றியும் கை வைக்க மாட்டார், நடுவயிற்றில்தான் துளை. துளையின் விளிம்பை உட்புறமாக மடித்துவிடுவார், அது எடுத்த பலத்தைத் திருப்பிக் கொடுக்குமாம். மூலைகளை வளைவாக்கி, ஒரு கீறல்கூட மிஞ்சாமல் அரத்தால் தேய்ப்பார். கீறலிலிருந்துதான் விரிசல் கிளம்பும். இப்படி எத்தனை ஞாயிறுகள்! தலையெல்லாம் சுண்ணாம்போடு நான் ரயிலேறி வீட்டுக்குப் போவேன். ஒவ்வொரு ஜனவரியும் ஊர்வலம் எங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. "அடுத்த வருஷம்வே" என்பார், வெட்கமே இல்லாமல்.

இந்தப் புத்தி காரோடு நிற்கவில்லை. ஒரு வருஷம் துர்கா பூஜைப் பந்தலுக்குள் நுழைந்து, குடைக் காம்பால் மூங்கில் மூங்கிலாகத் தட்டிப் பார்த்து, "இது சும்மா நிக்குது, இதுவும் சும்மா நிக்குது" என்று கமிட்டிக்காரர்களிடம் வங்க மொழியில் வாதாடினார். "பாண்டியன் தா, நீங்க போய் அம்மனைக் கும்பிடுங்க" என்று அவர்கள் அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினார்கள். விடவில்லை. ஆறு மூங்கிலை அவிழ்க்க வைத்த பிறகுதான் வெளியே வந்தார். பந்தல் நின்றது. ஆனால் அடுத்த ஐந்து நாளும் அந்தப் பந்தலுக்கடியில் எனக்குப் பிரசாதக் கிச்சடி இறங்கவில்லை.

நாங்கள் ஓய்வு பெற்றோம். என் கண்ணில் அழுத்தம் ஏறி, பக்கவாட்டுப் பார்வை சுருங்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு குளிர்காலம் பகலில் ஓட்டலாம், அதற்கு மேல் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாண்டியனிடம் சொன்னேன். மனிதர் ஆடிப்போனார். அந்த வருஷம் நிஜமாகவே வேலையை முடித்தார். இரண்டு தாங்கியும் சேர்ந்து மூன்று கிலோவுக்கும் கீழே, பலம் குறையாமல். ஊர்வலத்துக்குப் பெயர் கொடுத்தோம். நான் ஓட்டுவது என்று முடிவாகியிருந்தது.

ஊர்வலத்துக்கு முதல் நாள் மதியம் போய்ப் பார்க்கிறேன், எஞ்சின் சங்கிலியில் தொங்குகிறது, இடது தாங்கி அவர் கையில் இருக்கிறது.

"துளை ஓரத்துல ஒரு கோடு தெரியுது. விரிசலோன்னு சந்தேகமா இருக்கு" என்றார்.

"சந்தேகமா? எனக்கு அடுத்த வருஷம் கண்ணு இருக்காதுய்யா!"

"அடுத்த வருஷம் நான் ஓட்டுதேன், நீரு பக்கத்துல உக்காரும். எஞ்சின் நடுரோட்டுல விழுந்தா நம்ம ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்."

"நீரும் உம்ம இரும்பும் நாசமாப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தத் தாங்கியை எடுத்துக்கொண்டு, வெல்டிங் சோதிக்கும் பழைய நண்பரிடம் போனேன். சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் சிவப்புக் கோடாகக் கசியும். கால் மணி நேரம் பார்த்தோம். பொடி வெள்ளையாகவே இருந்தது. "கிச்சு நேய், தாதா" என்றார் நண்பர். ஒன்றுமே இல்லையாம். அது அரம் விட்ட தழும்பு.

அவர் தவறு! இத்தனை வருஷத்தில் ஒரு தடவை நான் சரி, பாண்டியன் தவறு. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுத் திட்டினேன், அழவும் செய்தேன். ஜெயித்ததைச் சொல்வதற்கு ஆள் எங்கே?

மெக்கானிக்கை வைத்துத் தாங்கியை மாட்டினேன். குளிர் இன்னும் முழுதாகப் போகவில்லை, டாக்டர் கொடுத்த கெடுவில் சில நாட்கள் மிச்சமிருந்தன. ஒரு ஞாயிறு காலை மதினியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டாக்குரியா ஏரியைச் சுற்றி ஓட்டினேன். அடடா, என்ன வண்டி! மூக்கு நிமிர்ந்து, திருப்பிய பக்கம் திரும்பியது. அரை வட்டம்கூடப் போயிருக்காது. ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் கால் தானாக பிரேக்கில் போயிற்று.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். தாங்கியின் ஒவ்வொரு துளை ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். சோதித்தாயிற்று, சாயம் கசியவில்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் தடவினேன்.

"ஏன் அண்ணாச்சி, நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார் மதினி.

"நல்லாத்தான் இருக்கு மதினி. இன்னும் ஒரு தடவை பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அவர் என்னிடம் விட்டுப்போனது இந்தச் சந்தேகத்தைத்தான். இத்தனை வருஷம் காத்திருந்த சவாரியைப் பாதி வழியில் நிறுத்தியது நான். இந்த முறை திட்டுவதற்கு அவர்கூட இல்லை, பாவி மனுஷன்.