பாரோஸ் துறையில் போட்ட கூச்சல்

கப்பல் தவறினாலும் கரையில் நின்று ஒரு 'ஹூ' போட்டால் திரும்பி வரும் என்றுதான் நம்பியிருந்தேன். யட்டியாந்தோட்டையில் களனி ஆற்றுத் தோணிக்காரர் எங்களுக்கு அப்படித்தான் திரும்புவார். கிரேக்கக் கடலுக்கும் அதுதான் சட்டம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இப்போது பாரோஸ் தீவின் துறைமுகத்தில் மூச்சிரைக்க ஓடுகிறேன். வைன் ருசி பார்க்க ஒரு நாள் பயணமாக மகள் அனுப்பிவைத்த இடம். ஃபெக்டரியில் தேயிலை ருசி பார்ப்பதுபோல் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். நான் ஒரு சொட்டும் துப்பவில்லை. தாமதத்துக்கு அதுதான் காரணம். பாஸ்போர்ட்டும் பிரஷர் மாத்திரையும் பக்கத்துத் தீவான நக்ஸோஸில், எங்கள் அறையில் கிடக்கின்றன. நாளைக் காலை ஊருக்கு விமானம். இன்றைக்குத் திரும்ப இருப்பது ஒரே கப்பல். அது என் கண் முன்னாலேயே கரையை விட்டு நகர்கிறது.

இரண்டு கைகளையும் வாயருகே குவித்து ஹூ போடுகிறேன். மேல்தட்டில் நிற்பவர்கள் சந்தோஷமாகக் கையசைக்கிறார்கள்.

"மெதுவாங்க, நம்ம தோட்டத்து லயம் வரைக்கும் கேட்டிருக்கும்," என்கிறாள் மனைவி, வைன் போத்தலை அணைத்தபடி.

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த துறைமுகக்காரர் நிமிர்ந்து, அரைகுறை ஆங்கிலத்தில் எங்கே போகவேண்டும் என்கிறார்.

"நக்ஸோஸுக்குங்க. அந்தக் கப்பலக் கொஞ்சம் நிறுத்துங்க."

"அது ஏதென்ஸ் போகுது. காத்து பலம், உங்க கப்பல் இன்னும் வரல."

"வந்துருமாங்க?"

"வரும். கூப்பிடாட்டியும் வரும்."

அரைமணி நேரம் கழித்து வந்தது. முதல் ஆளாக ஏறியவன் நான்தான்.